ஜாய் மெர்சருக்கு நியாயம் கேட்கும் ரசிகர்கள்

'ஹவுஸ் ஆஃப் அனுபிஸ்' டிவி தொடரைப் பார்த்தவர்கள் நம் நண்பர் பட்டியலில் யாராவது இருக்கிறீர்களா? 2011 முதல் 2013 வரை நிக்கலோடியனில் வந்தது. இங்கிலாந்தில் ஓர் உறைவிடப் பள்ளி, பழைய மாளிகையில் விடுதி, அதற்குள் எகிப்தியப் புதையல் ரகசியம், ராத்திரி பத்து மணிக்கு ஊசியைக் கீழே போட்டு எல்லோரையும் அடக்கும் விடுதிக் காப்பாளர் விக்டர். 2006இல் தொடங்கிய டச்சு மொழித் தொடர் ஒன்றின் ஆங்கில வடிவம் இது.

இதை வைத்து ரசிகர்கள் எழுதும் ஃபேன்ஃபிக்குகளை இன்னும் விடாமல் படிக்கிறேன். அதிலும் தொடரில் வரும் மாணவி ஜாய் மெர்சர் கதை என்றால் மற்ற வேலையெல்லாம் அப்புறம்தான்.

அந்தப் பெண்ணுக்கு நடந்ததை யோசித்துப் பாருங்கள். முதல் எபிசோடிலேயே காணாமல் போகிறாள். அவள் போன அதே நாளில் அமெரிக்காவிலிருந்து நினா வந்து இறங்குகிறாள். ஜாயின் இடம் அவளுக்குப் போகிறது. தோழி பட்ரீஷியா மட்டும்தான் "ஜாய் எங்கே?" என்று கத்துகிறாள், பெரியவர்கள் மழுப்புகிறார்கள். ஏழாம் மாதம் ஏழாம் நாள் ஏழு மணிக்குப் பிறந்தவள், அவள்தான் அந்தப் புதையல் ரகசியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் என்று நம்பி ஒளித்து வைத்திருப்பவர்களே பள்ளி ஆசிரியர்கள்தானே! விக்டரும் ஆசிரியர்களும் சேர்ந்த அந்த ரகசியக் கூட்டத்தில் அவள் அப்பாவும் ஒருவர். கடைசியில் பார்த்தால் அந்த ஏழு கணக்கு நினாவுக்கும் பொருந்துகிறது, உண்மையான ஆள் நினாதான். அப்படியானால் இவள் பட்டதெல்லாம்?

இரண்டாம் சீசன் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. திரும்பி வந்தவளை, நினாவுக்கு நெருக்கமான விடுதி மாணவன் ஃபேபியன் பின்னால் அலையும் பொறாமைக்காரியாக்கி, நினாவைப் பற்றிப் பெயர் மறைத்து வம்பு எழுத வைத்தார்கள். கால் மணி நேர எபிசோடுகள், அந்த ஒரு சீசனுக்கே தொண்ணூறு. முக்கோணக் காதல் இல்லாமல் அத்தனையையும் ஓட்ட முடியாதுதான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை.

ரசிகர்கள் இங்கேதான் பேனாவைப் பிடுங்குகிறார்கள். ஆனால் நான் படித்தவற்றில் பலர் சுலபமான வழியில் போய்விடுகிறார்கள். ஜாயை உயர்த்த நினாவைக் கெட்டவளாக்குவது ஒரு ரகம். பாவம், நினா என்ன செய்தாள்? பாட்டியை விட்டு ஸ்காலர்ஷிப்பில் வந்த பிள்ளை. இன்னொரு ரகத்தில் ஜாய் முழு வில்லியாகி விக்டரோடு கைகோத்துவிடுவாள். வாசிக்க விறுவிறுப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொடர் செய்த அதே அநியாயத்தைத்தான் இவர்களும் கொஞ்சம் பெரிதாகச் செய்கிறார்கள்.

எனக்குப் பிடித்தவை வேறு. அவள் மறைந்திருந்த நாட்களுக்குள்ளேயே நுழைந்து எழுதுபவை. நம்மைத் தேடுகிறார்களா, மறந்துவிட்டார்களா என்று தெரியாமல் ஒரு பள்ளிக்கூடப் பெண் எப்படி இருந்திருப்பாள்? திரும்பி வந்த முதல் ராத்திரி விக்டர் ஊசியைப் போடும்போது அவளுக்குத் தூக்கம் வருமா? கடத்தியதில் பங்கு இருந்தவரே விடுதிக் காப்பாளர், அவர் வீட்டிலேயே திரும்பவும் வாசம். மறுநாள் வகுப்பில் பாடம் எடுப்பவர்களும் அதே ஆசாமிகள். இப்படிப் பார்த்தால் ஃபேபியனை விடாமல் பற்றிக்கொள்வதுகூடக் காதலாகத் தெரியாது. போவதற்கு முன்னால் இருந்த வாழ்க்கையில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறாள்.

அப்பாவோடு அவள் சண்டை போடும் கதை மட்டும் இன்னும் என் கண்ணில் படவில்லை. யாராவது எழுதியிருந்தால் கமெண்டில் இணைப்பைப் போடுங்கள். ஃபேபியன் அதில் வராவிட்டாலும் பரவாயில்லை.