கதை எழுதவும் ஓர் எம்.ஏ. வேண்டும்

என்னிடம் ப்ளஸ் டூவில் தமிழ் படித்த பிள்ளைகள் டிகிரி முடித்ததும் போன் செய்வார்கள். பி.எட்.டா, எம்.ஏ.வா என்பதுதான் பெரும்பாலும் பேச்சு. இந்த வருஷம் எங்கள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு பெண் வேறொன்று கேட்டாள்: "டீச்சர், கதை எழுதறதுக்குன்னே எம்.ஏ. இருக்குதுங்களா?"

இருக்கிறது, மலையாளத்தில். திரூரில் 2012இல் தொடங்கிய துஞ்சத்தெழுத்தச்சன் மலையாளப் பல்கலைக்கழகத்தில் இலக்கியப் படைப்புக்கென்றே முதுகலைப் படிப்பு உண்டு. பாலக்காட்டில் ரயில் ஏறினால் ஷொர்ணூர், பட்டாம்பி, குற்றிப்புறம் தாண்டித் திரூர். பக்கத்து வீட்டு மலையாளப் பிள்ளை அங்கே போய்த் தன் மொழியில் எழுதப் பழகலாம். தமிழ் மீடியத்தில் படித்து வந்த நம் பிள்ளைக்கு நம்ம சித்தூர் அரசுக் கல்லூரியின் தமிழ் எம்.ஏ.வைத்தான் சொன்னேன். நல்ல படிப்புதான். ஆனாலும் அவள் கேட்டது அதை இல்லையே என்று மனசு ஆறவில்லை.

எழுத்து சொல்லிக்கொடுத்து வருமா என்று உடனே கேட்பார்கள். பாலக்காட்டில் செம்பை நினைவு அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. வாய்ப்பாட்டும் மிருதங்கமும் அங்கே பட்டப்படிப்பாகவே நடக்கின்றன. பாட்டு பிறவியிலேயே வரவேண்டும், கல்லூரி எதற்கு என்று அந்த வாசலில் போய் யாரும் கேட்பதில்லை. குரல் இருக்கிறவருக்கும் சாதகம் வேண்டும், தப்பு விழுந்த இடத்தில் நிறுத்திச் சொல்ல ஒரு குரு வேண்டும். எழுதுகிறவருக்கு மட்டும் அது வேண்டாம் என்பது எனக்குப் புரியவே இல்லை.

தமிழ் எம்.ஏ.வில் என்ன நடக்கிறது என்பதைப் படித்து வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைச் சொல்லும் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு காரணம் வரும்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவாக நடத்துவதால் வருவது, இழந்ததால் வருவது, இருந்த நிலை தாழ்ந்ததால் வருவது, இல்லாமையால் வருவது. இந்த நான்கும் எவை என்று பரீட்சையில் கேட்பார்கள், எழுதுவோம், மார்க் வாங்குவோம். நான்கு அழுகைக்கும் ஒவ்வொரு காட்சி எழுதிக்கொண்டு வா, அழுகை என்ற சொல் எங்கேயும் வரக்கூடாது என்று ஓர் ஆசிரியர் சொல்லியிருந்தால்? அவமானப்பட்டு அழுகிறவள் முகத்தை மறைத்துக்கொள்வாள். பறிகொடுத்தவளுக்கு யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இருக்காது. எழுதிப் பார்த்தால்தான் அந்த வித்தியாசம் கைக்கு வரும். எட்டு மெய்ப்பாடு, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம், ஆக முப்பத்திரண்டு பயிற்சிகள் அங்கேயே கிடக்கின்றன. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்பது ஒரு காட்சிக்குள் பொழுதும் இடமும் பறவையும் உணர்ச்சியும் எப்படி ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் என்பதற்கான பாடம். இவ்வளவும் கையில் வைத்துக்கொண்டு, நான் எம்.ஏ. படித்த காலம் முழுக்க, நானே கற்பனை செய்து எழுதிய ஒரு பக்கத்தைக்கூட எந்த ஆசிரியரும் திருத்திக் கொடுத்ததில்லை. அவர்கள் மேல் குறை இல்லை. பாடத்திட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

புதுத் துறை தொடங்கப் பணம் வேண்டும், பணியிடம் வேண்டும் என்பார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இது எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 1922இல் அவர்கள் செய்தது ஒன்றுதான்: மேற்பட்டத்துக்கான ஆய்வேட்டுக்குப் பதிலாகப் படைப்பையும் சமர்ப்பிக்கலாம் என்று அனுமதித்தார்கள். பேர்போன எழுத்துப் பட்டறை அதற்குப் பிறகு, 1936இல்தான் வந்தது. 1947இல் அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர் அங்கே பட்டத்துக்காகக் கொடுத்தது ஒரு சிறுகதைத் தொகுப்பு. இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகம் 1970இல் இந்தப் படிப்பை ஆரம்பித்தபோது முதல் மாணவர், இன்று நாவலாசிரியராகப் பேர்பெற்ற இயன் மெக்ஈவன். பத்து வருஷம் கழித்து அங்கே படித்து முடித்த நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோவுக்கு 2017இல் இலக்கிய நோபல் கிடைத்தது. படித்ததால்தான் நோபல் என்று நான் சொல்ல வரவில்லை. வளாகம் கட்டிவிட்டு யாரும் இதை ஆரம்பிக்கவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

நம்மவர்கள் பட்டம் வாங்கியா எழுதினார்கள் என்பது அடுத்த கேள்வி. சரி, ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கடை வைத்திருந்துகொண்டுதான் எழுதினார். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி 'காகங்கள்' என்ற பெயரில் கூட்டம் நடத்தினார், எழுதுகிறவர்கள் அங்கே வாசித்தார்கள், விவாதித்தார்கள். அப்படி ஒரு கூடம் கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கொழிஞ்சாம்பாறைப் பெண்ணுக்கு அந்தக் கூடம் எங்கே இருக்கிறது? இலக்கியக் கூட்டம் கோயம்புத்தூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடக்கும். கூட்டம் முடிந்து வேலந்தாவளம் பஸ்ஸைப் பிடித்து அவள் வீடு சேர எத்தனை மணி ஆகும்? வீட்டில் விடுவார்களா? "காலேஜுக்குப் போறேன்" என்றால் மட்டும்தான் விடுவார்கள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எழுத்து கல்லூரி வழியாகத்தான் வரமுடியும். இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

அப்புறம் எங்கள் பேச்சு. சித்தூர் தாலுகா பழைய கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, 1956இல் கேரளமானது. கொங்குத் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்கும் ஊர். இந்தப் பக்கத்துத் தஸ்ராக் கிராமத்திலிருந்துதான் ஓ.வி. விஜயனின் மலையாள நாவலில் வரும் கசாக் என்ற ஊர் பிறந்தது, பாலக்காட்டு வழக்கு மலையாள இலக்கியத்தின் நடுவில் போய் உட்கார்ந்தது. அதே மண்ணின் தமிழை எங்கள் பிள்ளை எழுதினால் சிவப்பு மையால் அடிக்கிறோம். கல்லூரி மலருக்கு நான் கொடுத்த கதையில் என் பாட்டி பேசிய பேச்சையெல்லாம் "பிறமொழிக் கலப்பு" என்று வெட்டிவிட்டுத்தான் அச்சிட்டார்கள். அதில் பேசியது என் பாட்டியே இல்லை.

அயோவா முறையை அப்படியே இங்கே இறக்க வேண்டாம். அந்தப் பட்டறைகளில் கதையின் நகலை முன்கூட்டியே எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள், மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக்கூடாது என்பது வழக்கம். நகல் கொடுப்பது நல்லது. வாய் திறக்காமல் இருப்பது நம் வகுப்பறைக்கு ஆகாது. சாதி பார்த்தும் இங்கிலீஷ் பார்த்தும் ஏற்கெனவே வாயை அடைத்து வைத்திருக்கும் பிள்ளைகளிடம் மறுபடியும் சும்மா இரு என்று சொல்லக்கூடாது. மார்க் எப்படிப் போடுவது என்றால், முதல் பிரதியையும் கடைசிப் பிரதியையும் சேர்த்து வாங்குங்கள். எது மாறியது, ஏன் மாறியது என்று அந்தப் பிள்ளையே பத்துப் பக்கம் எழுதட்டும். அதற்கு மார்க் போடலாம்.

சித்தூர் கல்லூரியிலும் கோழிக்கோடு பல்கலைக்கழகத்துப் பாடத்திட்டக் குழுவிலும் இருக்கும் தமிழாசிரியர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். எம்.ஏ. கடைசியில் எழுதும் ஆய்வேட்டுக்குப் பதிலாக, விரும்புகிற மாணவர் கதைத் தொகுப்போ நாவலின் பகுதியோ கொடுக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஓர் எழுத்தாளரைக் கூப்பிடுங்கள். மனு எழுதவும் பழைய மாணவர்களிடம் கையெழுத்து வாங்கவும் நான் தயார். உள்பெட்டியில் வாருங்கள், பேசுவோம்.