தூளிக் கொக்கி

மதுரையில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிலரங்கம், வருகிறீர்களா என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். தலைப்பு மனித மைய வடிவமைப்பு. வேலை பார்க்கிற இடத்தையும் படிக்கிற இடத்தையும், அங்கே புழங்குகிறவர்களை ஆராய்ந்து அமைப்பது எப்படி என்று சொல்லித் தருவார்களாம். கலர் கலராகத் துண்டுச் சீட்டு ஒட்டுவார்கள், மத்தியானம் பிரியாணி. நான் போகவில்லை. பிரியாணியை நினைத்தால் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அந்தப் பாடத்தை எனக்கு ஏற்கெனவே இரண்டு இடத்தில் நடத்திவிட்டார்கள். ஃபீஸ் என் கைக்காசு.

நான் சிவில் டிப்ளமோ. ராமநாதபுரத்தில் உட்கார்ந்து ப்ளான் போடுவேன், சின்ன வேலைகளை நானே எடுத்தும் செய்வேன். சில வருடம் முன்பு மண்டபம் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு நண்டுக் கம்பெனியில், நண்டு உரிக்கிற கூடத்துக்கு எவர்சில்வர் மேசை போட்டுத் தரச் சொன்னார்கள். அவித்த நண்டின் ஓட்டைப் பிரித்து, சின்னக் கத்தியால் சதையை உடையாமல் எடுத்து, ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் விரலால் தடவிப் பார்த்துப் போட வேண்டும். முழுக்கப் பெண்கள். முதலாளி ஏதோ வெளிநாட்டுத் தொழிற்சாலைப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பி, ‘இந்த மாதிரி’ என்றார். நான் கூடத்தை அளந்தேன், கதவை அளந்தேன், வடிகாலை அளந்தேன். மேசை உயரம் மூன்றேகால் அடி என்று படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக முடிவு செய்தேன். அந்த மேசையில் நிற்கப் போகிறவர்கள் எவ்வளவு உயரம் என்று யோசிக்கவே இல்லை.

பாக்கிப் பணம் வாங்க ஒரு மாதம் கழித்துப் போனேன். பாதிப் பேர் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் நின்றுகொண்டிருந்தார்கள். கீழே ஈரத் தரை, பெட்டியோ வழுக்குகிற பிளாஸ்டிக். பெட்டி கிடைக்காத ஒரு அக்கா, நாலே முக்கால் அடி இருப்பார், இரண்டு முழங்கையையும் கோழி இறக்கை மாதிரி தூக்கி வைத்துக்கொண்டு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “மேசையா தம்பி செஞ்சிருக்கீங்க? தாவாங்கட்டைக்கு முட்டுக் குடுத்த மாதிரியில்ல இருக்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

சராசரி உயரத்தைக் கணக்கெடுத்துப் போட்டிருந்தால் தப்பித்திருப்பேனா என்றால், அதுவும் கிடையாது. 1950 வாக்கில் அமெரிக்க விமானப்படை தன் விமானிகள் 4,063 பேரை அங்கம் அங்கமாக அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் அதிலிருந்து பத்து அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரியை ஒட்டி வருகிறவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தார். ஒருவர்கூட இல்லை. சராசரி ஆளுக்கென்று செய்த இருக்கை ஒருவருக்கும் சரியாக அமையாத இருக்கை என்று புரிந்த பிறகுதான், ஆளுக்குத் தக்கபடி நகர்த்திக்கொள்கிற இருக்கையைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். என் வேலை அவ்வளவு பெரிதில்லை. மேசைக் காலை வெட்டி, குழாய்க்குள் குழாய் சொருகி, துளை போட்டு, மூன்று உயரத்தில் நிறுத்துகிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன். கூடவே ஸ்டூலும் போடலாம் என்றேன். “உக்காந்தா வேலை ஓடாது” என்றார் முதலாளி. நின்று வேலை பார்க்கிறவர்கள் இடையில் உட்கார வசதி இருக்க வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதியாயிற்று. ஜவுளிக்கடைப் பெண்களுக்கு அந்த உரிமை வர நம் மாநிலத்தில் 2021 ஆனது. சட்டத்தைச் சொன்னதும் டீ வாங்கிக் கொடுத்தார். ஸ்டூல் வரவில்லை.

இரண்டாவது பாடம் தென்கடல் ஓரத்து ஊர் ஒன்றில். மன்னார் வளைகுடாவைத்தான் நாங்கள் தென்கடல் என்போம். பிள்ளைகள் சாயங்காலம் உட்கார்ந்து படிக்க ஊர்ப் பணத்தில் ஓர் அறை கட்டினோம். அந்த நேரம் பார்த்து நான் நாலு கட்டுரை படித்துக் கெட்டுப்போயிருந்தேன். ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் எழுதியிருந்தார்: ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். மரத்துக்கே அப்படி என்றால் கடலுக்கு எப்படி இருக்கும்! தெற்குச் சுவர் முழுக்க ஜன்னலாக வைத்தேன்.

கடல் எங்கள் பிள்ளைகளுக்கு வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை. அப்பா வேலைக்குப் போகிற இடம். தூரத்தில் இன்ஜின் சத்தம் கேட்டாலே யார் வள்ளம் என்று சொல்லிவிடுவார்கள், அந்த வீட்டுப் பிள்ளை அப்போதே எழுந்து ஓடிவிடும். கரும்பலகை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில். கடல் தண்ணீர் பளபளக்கிற வெளிச்சத்தில் பாதி எழுத்து தெரியாது. கச்சான் காற்று கிளம்பியதும் நோட்டுக்குள் மணல். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி ஒரே வருடத்தில் பொருக்குத் தட்டிவிட்டது. கடைசியில் ஆடி மாதம் முழுக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, வெளியே வெயில் அடிக்கும்போது உள்ளே டியூப்லைட் போட்டுப் படித்தார்கள். இங்கிலாந்தில் சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 153 வகுப்பறைகளை ஆராய்ந்து 2015-ல் சொன்னதைப் பிறகுதான் படித்தேன். பிள்ளைக்குப் பிள்ளை படிப்பில் முன்னேறுவதில் இருக்கிற வித்தியாசத்தில் 16 சதவீதம் வகுப்பறை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்ததாம். அதிலும் வெளிச்சம், வெப்பம், காற்றுக்குத்தான் பெரிய பங்கு. சுவரில் படம் அளவுக்கு மீறினாலும் கெடுதலாம். நான் ஜன்னல் போக மீதிச் சுவர் எல்லாவற்றிலும் சோட்டா பீம் வரைய வைத்திருந்தேன்.

ஊரைக் கேட்காமலா கட்டினாய் என்பீர்கள். கேட்டேன். கூட்டம் போட்டுத்தான் கேட்டேன். ஃபேன் வேண்டும், டைல்ஸ் வேண்டும், கம்ப்யூட்டர் வேண்டும் என்றார்கள். இவன் எதைக் கொடுப்பான் என்று தோன்றுகிறதோ அதைத்தான் ஜனங்கள் கேட்பார்கள். அதைவிட இன்னொன்று. கூட்டம் நடந்தது சாயங்காலம் ஐந்து மணிக்கு. அந்த நேரத்தில் பெண்கள் கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருப்பார்கள். வந்திருந்தவர்களில் பெண் என்று பார்த்தால் சத்துணவு ஆயா மட்டும்தான்.

மராமத்துக்குக் கூப்பிட்டபோது இந்த முறை டேப்பை எடுக்கவில்லை. மூன்று சாயங்காலம் பின்வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏழாவது படிக்கிற ஒரு பிள்ளை மூன்று நாளும் உள்ளே வரவில்லை. இடுப்பில் தம்பியோடு வாசலிலேயே நின்று பாடம் கேட்கும். அவன் சிணுங்கினால் நாலு எட்டு நடந்துவிட்டு மறுபடி வந்து நிற்கும். மூன்றாம் நாள் அம்மாவின் பழைய சேலையைக் கொண்டு வந்து, பொருக்குத் தட்டிய அந்த ஜன்னல் கம்பிக்கும் வெளியே இருந்த வேப்பங்கன்றுக்குமாகத் தூளி கட்டப் பார்த்தது. கன்று வளைந்தது, தம்பி தரையைத் தொட்டான். அவிழ்த்து மடித்து வைத்துக்கொண்டு, மறுபடி இடுப்பில் தூக்கிக்கொண்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. எந்தப் படிவத்தில், எந்தக் கேள்விக்குக் கீழே இதை எழுதுவீர்கள்?

தெற்கு ஜன்னலில் இரண்டை விட்டுவிட்டு மற்றதை அடைத்தேன். பலகையை மேற்குச் சுவருக்கு மாற்றினேன். செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் பள்ளிகளில் வைத்தார்களே, பிள்ளைகளே உட்கார்ந்து எழுதுகிற உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, அதையும் சுவர் நெடுக இழுத்துவிட்டேன். மேலே பின்பக்கம் நாலு கொக்கி. முதல் வாரமே இரண்டில் தூளி ஆடியது. குழந்தை தூங்குகிறது என்று பையன்களும் கொஞ்சம் மெதுவாகக் கத்தினார்கள்.

2025 ஜூலையில், பெஞ்சை வரிசையாகப் போடாமல் ‘ப’ எழுத்து மாதிரி மூன்று பக்கமும் போடுகிற ‘ப’ வடிவ வகுப்பறை என்று ஒரு வாரம் நாடே பேசியது ஞாபகம் இருக்கும். கடைசி பெஞ்சே இருக்காது என்றார்கள் ஒரு பக்கம், கழுத்து வலி வரும் என்றார்கள் இன்னொரு பக்கம். அப்புறம் நிறுத்தி வைத்தார்கள். இரண்டு பக்கத்தையும் நான் படித்தேன். அந்த ‘ப’வின் மூலையில் ஒரு பீரியட் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதியவர் ஒருவர்கூட என் கண்ணில் படவில்லை.

மூன்று நாள் சும்மா உட்காருவதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். எஸ்டிமேட்டில் ‘பார்த்துக்கொண்டிருந்தது, மூன்று நாள்’ என்று ஒரு வரி போட்டு அனுப்பினால் எந்த ஆபீசிலும் சிவப்பு மையில் அடிப்பார்கள். நான் அதை ‘இதர செலவு’ என்று எழுதிக்கொள்கிறேன். பெட்டி மேல் நிற்கிற அக்காவையும் வாசலில் நிற்கிற பிள்ளையையும் பார்க்காமல் போட்ட ப்ளானுக்குப் பிறகு நான் அழுத தண்டம் இதைவிட அதிகம். ஆராய்ச்சி என்று பெரிய பேர் வைத்தாலும் வைக்காவிட்டாலும், என் கணக்கில் இது லாபம்.

இப்போது நான் போடுகிற ப்ளானில் ஃபேன் கொக்கிக்கு ஒரு குறி, தூளிக் கொக்கிக்கு வேறு குறி. கொத்தனார்தான் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுவிடுகிறார்.