யோகாவுக்கு முன்னால் ஒரு மாற்று ஆள் போடுங்கள்

ஊழியர் நலனுக்காக நிறுவனங்கள் யோகா வகுப்பு, நடைப் போட்டி என்று கொண்டுவருவதை உங்கள் இதழில் வந்த கட்டுரை பாராட்டியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் ஷிப்டு வேலை பார்க்கும் எங்களுக்கு முதல் தேவை அது இல்லை.

எங்கள் உற்பத்தி லைனில் பல பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும், போனால் அந்த இடத்தில் நிற்க வேறு ஆள் வேண்டும். சூப்பர்வைசரிடம் கேட்கத் தயங்கியே அடக்கிக்கொள்கிறார்கள். கொண்டுவந்த பாட்டில் அப்படியே வீட்டுக்குத் திரும்பும். அப்புறம் நீர்க்கடுப்பு, காய்ச்சல், லீவு, சம்பளப் பிடித்தம். லைனுக்கு ஒரு மாற்று ஆள் போட்டாலே இதில் பாதி சரியாகிவிடும். நின்றே வேலை செய்பவர்கள் இடையில் உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். இன்றும் ஒரு ஸ்டூலுக்குக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்கும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிறகு வேலையிடங்களுக்கும் விரிவாக்கினார்கள். முகாமில் பிபி, சர்க்கரை பார்ப்பது பெரிய உதவி, மறுக்கவே முடியாது. ஆனால் பிபி அதிகம் என்று தெரிந்தபின் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டு மருந்தகத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது. அந்த இஎஸ்ஐக்கு எங்கள் சம்பளத்திலிருந்தும் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். முகாம் நடத்தும் நிறுவனங்களே, மருத்துவரைப் பார்க்க மாதம் அரை நாள், சம்பளம் பிடிக்காமல் விடுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் சேர்த்து.