வெயில் மேல் பழி போடாதீர்கள்

வயதான பூனை அடிக்கடி தண்ணீர் குடித்தால் கோடை வெப்பம்தான் காரணம் என்று பூனைகளைப் பற்றிக் கட்டுரை எழுதியவர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். சேலத்து வெயிலில் அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஏற்காட்டில், மார்கழிப் பனியில், எங்கள் வீட்டு 13 வயதுக் கிழவி குளியலறை வாளியின் விளிம்பில் முன்கால்களை ஊன்றிக்கொண்டு நக்கி நக்கிக் குடித்தாளே, அதற்கு எந்த வெயிலைச் சொல்வது? மணல் தொட்டியில் சிறுநீர்க் கட்டிகளும் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வந்தன. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்தது.

நன்றாகச் சாப்பிட்டும் முதுகெலும்பு கையில் தட்டுப்படும் அளவுக்கு இளைத்தால் தைராய்டு, சர்க்கரை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றாலோ, எந்தப் பூனையானாலும் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கால்நடை மருத்துவரைத் தேடி, மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அந்த இரவிலேயே இறங்கிவிட வேண்டியதுதான்.

இன்னொன்று. உடம்பு சுடுகிறது என்று பாராசிட்டமாலைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுக்கும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள். பூனைக்கு அது நஞ்சு. அரை மாத்திரைகூட உயிரைப் பறித்துவிடும்.