இடித்துக் கட்டினால் கார்பன் மிச்சமா?

பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுக் கட்டடம் எழுப்பினால் முதல் நாளிலிருந்தே கார்பன் மிச்சம் என்று ஒரு பதிவு பலராலும் பகிரப்பட்டிருக்கிறது. மன்னிக்கவும், அந்தக் கணக்கில் பாதிதான் இருக்கிறது.

புதுக் கட்டடம் திறக்கும் முன்பே பெரிய கார்பன் கடன் ஏறிவிடுகிறது. இரும்பு உருக்க வேண்டும், சிமென்ட் சுட வேண்டும். சிமென்ட்டில் எரிபொருள் மட்டும் பிரச்சினை இல்லை. சுண்ணாம்புக்கல்லே சூட்டில் சிதைந்து கரியமில வாயுவை விடுகிறது. அமெரிக்காவின் வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை 2012-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 30% கூடுதல் ஆற்றல் திறனுள்ள புதுக் கட்டடம் கூட இந்தக் கடனை அடைக்க, கட்டட வகையைப் பொறுத்து, 10 முதல் 80 ஆண்டுகள் ஆகும். விதிவிலக்கும் அதிலேயே உண்டு: கிடங்கைக் குடியிருப்பாக மாற்றும்போது புதுப் பொருள்கள் அதிகம் தேவைப்படுவதால், பழைய கட்டடத்தையே பயன்படுத்தும் கார்பன் லாபம் கிடைக்கவில்லை.

சரி, நீங்களே எப்படிச் சரிபார்ப்பது? திட்டத்தின் வாழ்நாள் கார்பன் அறிக்கையைக் கேளுங்கள். கட்டடங்களுக்கான ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 15978-ன்படி, அறிக்கையில் ஏ1 முதல் ஏ5 வரையான பகுதிகள் பொருள் தயாரிப்பும் கட்டுமானமும், பி6 கட்டடம் பயன்பாட்டில் இருக்கும்போது செலவாகும் ஆற்றல். பி6 மட்டும் காட்டியிருந்தால் ஏ வரிசையைக் கேட்டு வாங்கி, இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.