எத்தனை படி என்று கேட்டது ஒரு குற்றமா?

“உங்கள் கேள்விக்குத் தீர்வு காணப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?”

இன்று காலை ஆறு நாற்பதுக்கு, பல்கூடத் துலக்காமல், கைபேசியில் நான் படித்த முதல் வரி இது. தீர்வு காணப்பட்டதாம். யார் கண்டது? கண்டவர் என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் விடுமுறைக்கு வீடு வாடகைக்கு விடுகிறவர்களிடம் பதினொரு நாளாக நான் கேட்டது ஒரே ஒரு எண். தெருவாசலிலிருந்து வீட்டுக் கதவு வரை எத்தனை படி? இதைச் சொல்வதற்குக் கட்டடக்கலை படித்திருக்க வேண்டியதில்லை. கீழ்ப்படியில் காலை வைத்து ஒன்று என்று தொடங்கி மேலே போய்க்கொண்டே இருந்தால், படி முடியும் இடத்தில் விடை கிடைத்துவிடும். நடுவில் மூச்சு வாங்கினால் நின்று வாங்கிக்கொள்ளலாம். எண்ணை மட்டும் மறந்துவிடக் கூடாது.

எடின்பரோவில் அறை தேடி அலுத்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆகஸ்டில் போகலாம் என்று முடிவெடுத்தது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். அம்மாவின் விசா, பிள்ளைகளின் விடுமுறை, இவருடைய லீவு மூன்றும் கூடிவருவது அந்த மாதத்தில்தான். உலகத்திலுள்ள நாடகக்காரர்கள் அத்தனை பேரும் அந்த ஊரில் கூடுவதும் அதே மாதத்தில்தான். 1947-ல் முதல் சர்வதேச விழா நடந்தபோது எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பே இல்லாமல் வந்து இறங்கின. அப்படிப் பிறந்ததுதான் ஃபிரிஞ்ச் என்ற நாடகத் திருவிழா. நம் வீட்டுக் கல்யாணமாக இருந்தால், வந்தவர்களைப் பந்தியில் உட்காரவைத்து, வெற்றிலைப் பாக்கு கொடுத்து, இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டிருப்போம். அவர்களோ ஆண்டுதோறும் வரவிட்டார்கள். இப்போது நிகழ்ச்சிகளே மூவாயிரத்துக்கு மேல். அந்த எட்டுக் குழுக்களை அன்றைக்கே வாசலில் மறித்திருந்தால் இன்றைக்கு என் அம்மாவுக்கு ஓர் அறை கிடைத்திருக்கும்.

விலையைப் பற்றிப் பேச வேண்டாம். இரண்டு இரவுக்குக் கேட்ட தொகை, இங்கிலாந்தில், லெஸ்டரில் நாங்கள் மாதம் முழுவதும் கொடுக்கும் வாடகையில் முக்கால் பங்கு. அதற்கு மேல் 2026 ஜூலை 24 முதல் தங்கும் கட்டணத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம் வருகை வரி. முதல் ஐந்து இரவோடு வரியை நிறுத்திக்கொள்வார்களாம். ஆறாவது இரவு வரை அங்கே தங்கும் அளவுக்கு யாரிடம் காசு மிஞ்சும் என்று தெரியவில்லை.

சரி, படிக்கு வருகிறேன்.

பழைய ஊரின் முக்கியத் தெருவான ராயல் மைலை ஒட்டிய ஒரு சந்தில் வீடு. இரண்டு படுக்கையறை, சமையலறை உண்டு, ஜன்னலிலிருந்து கோட்டை தெரியும். முதல் செய்தியிலேயே எல்லாவற்றையும் எழுதினேன். அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. வலது முழங்காலில் தேய்மானம். ஒரு மாடி என்றால் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறிவிடுவாள், அதற்கு மேல் கஷ்டம். லிஃப்ட் இல்லை என்று தெரியும், குறை சொல்லவில்லை. எத்தனை படி?

மறுநாள் பதில். “ஹலோ! எங்கள் வீட்டை விரும்பியதில் மகிழ்ச்சி! 17-ஆம் நூற்றாண்டின் அழகு மாறாத கட்டடம் இது!” நான் கேட்டது நூற்றாண்டை அல்ல. ஆச்சரியக்குறிகளை எண்ணத் தெரிந்தவர்களுக்குப் படிகளை எண்ணத் தெரியாதா?

இரண்டாவது முறை கேள்வியை மாற்றினேன். எந்த மாடி? “இரண்டாவது மாடி.” அப்பாடா என்று இருந்தது. இரண்டு மாடி என்றால் முப்பத்தைந்து நாற்பது படி, நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்துக் கூட்டிப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். அதற்குப் பிறகுதான், பழைய விமர்சனங்களுக்குள் ஒரு புண்ணியவதி எழுதியிருந்தது கண்ணில் பட்டது: ராயல் மைல் பக்கமிருந்து வந்தால் இரண்டாவது மாடி, டாக்ஸி இறக்கிவிடும் கீழ்த்தெருவிலிருந்து வந்தால் ஐந்தாவது.

இது மோசடி அல்ல, அந்த ஊரின் அமைப்பே அப்படி. கோட்டை நிற்பது சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலையின் தொண்டைக்குள் உறைந்துபோன பாறை. பின்னால் வந்த பனியாறு அதை உடைக்க முடியாமல் சுற்றிக்கொண்டு போனதில், கிழக்கே ஒரு மேடு வால் போல மிஞ்சிவிட்டது. அந்த வாலின் மேல்தான் பழைய ஊர். வால் என்றால் இரண்டு பக்கமும் சரியத்தானே செய்யும்? ஒரே கட்டடத்துக்கு மேலே ஒரு தெரு, கீழே ஒரு தெரு, இரண்டிலும் வாசல். இரண்டாவது மாடி என்று சொல்லும் வாயால் எந்தத் தெருவிலிருந்து என்றும் சொன்னால் பனியாறு கோபித்துக்கொள்ளுமா?

மூன்றாவது முறை அதைத்தான் கேட்டேன். வரைபடத்துக்கான இணைப்பை அனுப்பினார்கள். நான்காவது முறை, “படிகள் மிதமானவை.” மிதமான காரம் தெரியும், மிதமான சூடு தெரியும். மிதமான படியை நான் இந்த வயது வரை மிதித்ததில்லை. ஐந்தாவது முறை, “பெரும்பாலான விருந்தினர்கள் சமாளித்துவிடுகிறார்கள்.” மீதிப் பேர்? அவர்கள் இன்னும் பாதிப் படியில் உட்கார்ந்திருக்கிறார்களா? யாராவது அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தீர்களா? ஆறாவது முறை, “நல்ல கேள்வி! நாங்கள் எண்ணியதே இல்லை!” என்று எழுதி, பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கும் ஒரு மஞ்சள் மூஞ்சி.

அந்த மூஞ்சியைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

தயவுசெய்து எண்ணிச் சொல்லுங்கள் என்று ஏழாவது முறை எழுதினேன். மூன்று நாள் சத்தமே இல்லை. நான்காம் நாள் ஒரு புகைப்படம். மேலேயிருந்து கீழ்நோக்கி எடுத்த சுழற்படி. கல் படிகள், பல தலைமுறைக் கால்கள் தேய்த்து ஒவ்வொன்றும் நடுவில் அம்மியைப் போலக் குழிந்திருக்கிறது. சுவரோரம் ஒரு முழ அகலம், தூண் ஓரம் மூன்று விரல். கைப்பிடி கிடையாது, ஒரு கயிறு தொங்குகிறது. கீழே ஒரு பூந்தொட்டி, அதில் ஊதாப்பூ. படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். ஏழு படி தெரிகிறது. எட்டாவது இருட்டுக்குள் வளைந்துபோகிறது. பூந்தொட்டியை எதற்கு வைத்தார்கள், ஏறி முடித்தவர்களுக்கு மலர்வளையமா என்று கேட்டு ஒரு பதில் எழுதி, பிறகு அழித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இன்றைய தீர்வு. தேதிகளும் வேறு யாருக்கோ போய்விட்டன. முழங்கால் நன்றாக உள்ள யாருக்கோ.

இவரிடம் சொன்னால் ஒரே பதில்: “அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.” கல்யாணமாகிப் பதினாறு வருடமாக எல்லாவற்றையும் அங்கே போய்த்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பார்ப்பது நான், கொள்வது இவர். வேறு வீடு, அதற்குப் பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடை என்று வரைபடத்தைக் காட்டினார். நாற்பது மீட்டர்தானாம். கடை இருப்பது கௌகேட் தெருவில், வீடு இருப்பது சௌத் பிரிட்ஜ் மேல். பெயரிலேயே பாலம் இருக்கிறதே, கவனித்தீர்களா என்றேன். 1788-ல் திறந்த அந்தப் பாலத்துக்கு 19 வளைவுகள். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இருபுறக் கட்டடங்களுக்குள் மறைந்துவிட்டதால், மேலே நடப்பவருக்குத் தான் பாலத்தில் நடப்பதே தெரியாது. தெரியும் அந்த ஒரு வளைவுக்கு அடியில்தான் கௌகேட் ஓடுகிறது. வரைபடத்தில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஒரு தெரு மொட்டை மாடியில், மற்றது கிணற்றடியில். இட்டிலியைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்கலாம் என்றால் நாற்பது மீட்டர் சரி.

“அப்படியானால் ஸ்டர்லிங் போய்விடலாமே, அங்கேயும் கோட்டை இருக்கிறதே” என்றார். இருக்கிறது. அதுவும் பாறையின் மேல்தான். அந்தக் கோட்டை மதிலிலிருந்து 1507-ல் ஜான் டேமியன் என்ற ரசவாதி, இறகுகளைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் பறக்கிறேன் என்று குதித்து, சாணக்குவியலில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டதாகக் கதை உண்டு. இறக்கையில் கோழி இறகு கலந்துவிட்டது, கோழிக்குக் குப்பைமேட்டில்தானே நாட்டம், அதனால்தான் விழுந்தேன் என்று காரணம் சொன்னாராம். இந்தக் காலத்தில் பிறந்திருந்தால் என் கேள்விகளுக்குப் பதில் எழுதும் வேலை அவருக்குத்தான் கிடைத்திருக்கும்.

அந்த நாட்டுக்கு எண்ணத் தெரியாது என்றால் விட்டுவிடலாம். தெரிகிறதே! ஸ்டர்லிங்கில் வாலஸ் நினைவுக் கோபுரம், 246 படி. எடின்பரோவில் வால்டர் ஸ்காட்டுக்கு ஒரு கோபுரம், 287 படி. கால்டன் குன்றில் நெல்சனுக்கு ஒன்று, 143. ஒரு படி கூடாமல் குறையாமல் எண்ணி ஊரறியச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரும் போய்ச் சேர்ந்தவர்கள், இனி ஏறப்போவதில்லை. உயிரோடு ஏறவேண்டிய என் அம்மாவுக்கு மட்டும் “மிதமானவை.”

எடின்பரோ கோட்டையே எவ்வளவோ தேவலை. எதிரி ஏறக் கூடாது என்பதற்காகவே கட்டிய இடம் அது. அங்கே எழுபது படி கொண்ட பழைய ஏற்றம் ஒன்று, அது வேண்டாம் என்றால் பீரங்கிகளை இழுத்துப்போன சரிவுப் பாதை, அதுவும் முடியாதவர்களை மேலே ஏற்றிச்செல்ல ஒரு வண்டி என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். 1314-ல் ஆங்கிலேயரிடமிருந்து கோட்டையைப் பிடிக்க, தாமஸ் ராண்டால்ஃபின் ஆட்கள் முப்பது பேர் ராத்திரியில் செங்குத்துப் பாறையில் தொற்றி ஏறினார்கள். அவர்களுக்குக்கூட வழி சொல்ல ஓர் ஆள் கிடைத்தான். வில்லியம் பிரான்சிஸ் என்று பெயர். முன்பு கோட்டையில் இருந்தபோது, ஊருக்குள் ஒரு பெண்ணைப் பார்க்க இரவில் திருட்டுத்தனமாக இறங்கிப் பழகியவன், அதனால் எங்கே கால் வைப்பது என்று அவனுக்குத் தெரியும் என்பார்கள். அப்படி ஒரு காதலன் அந்தச் சந்தில் குடியிருந்தால் எனக்கு இந்நேரம் படிக்கணக்கு கிடைத்திருக்கும்.

இதில் வேடிக்கை, அது இரக்கமில்லாத ஊரும் அல்ல. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பால்மோரல் ஹோட்டல் கோபுரக் கடிகாரத்தை மூன்று நிமிடம் முன்னால் ஓடவிட்டிருக்கிறார்கள், யாரும் ரயிலைத் தவறவிடக் கூடாதாம். ரயிலைப் பிடித்து ஊரைவிட்டுப் போகிறவன்மேல் அவ்வளவு கரிசனம். நிலையமோ பள்ளத்தில். வந்து இறங்குகிறவன் மேலே ஏறிக்கொள்ள வேண்டியது.

கோட்டையில் தினமும் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள், 1861 முதல் நடக்கிறது, அதையாவது அம்மாவுக்குக் காட்டலாம் என்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நாங்கள் கோட்டைக்குப் போவது ஞாயிற்றுக்கிழமை. இதற்கெல்லாம் கோபப்படும் தெம்பு இனி இல்லை.

கடைசியில் ஊருக்கு வெளியே, டிராம் பாதையில், லிஃப்ட் உள்ள ஒரு ஹோட்டலில் அறை போட்டுவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம் தெரியும். தெரியட்டும்.

இப்போது செருப்புப் பிரச்சினை. அந்தக் கல் பாவிய தெருவில் அம்மா ரப்பர் செருப்போடு நடக்க முடியாது, வருவதற்கு முன்பே நல்ல ஷூ வாங்கி வைக்கலாம் என்று, திருச்சியில் இருக்கும் தம்பியிடம் பாதத்தை அளந்து அனுப்பச் சொன்னேன். ஒரே ஒரு எண். எத்தனை சென்டிமீட்டர். அவன் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் அம்மாவை நிற்கவைத்து, பேனாவால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அதைப் புகைப்படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். குதிகால் மணமகன் தேவை விளம்பரத்தில் இருக்கிறது, கட்டைவிரல் வாடகைக்கு வீடு பகுதியைத் தொடுகிறது. புகைப்படத்தில் அளவு எப்படியடா தெரியும் என்று கேட்டேன். ஐந்து நிமிடத்தில் புதுப் படம் வந்தது. “அக்கா, அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன்.”

நான் சிரித்த சிரிப்பில் இவர் தூக்கம் கலைந்து எழுந்து வந்துவிட்டார். கைபேசியை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் விரித்து, நெடுநேரம் பார்த்தார்.

“நாட்டுப் பழமா, பெரிய ரகமா என்று அவனிடம் கேட்டாயா?”