இன்னும் ஒன்றரை ஏக்கர்

போன வாரம் காவேரிப்பட்டணம் பக்கம் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் ஆளுயரத்துக்கு ஏர்பஸ் 320 விமானத்தின் காக்பிட், அதாவது பைலட் உட்காரும் அறையின் படம். எதிரே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துகொண்டு, அண்ணன் பையன் காகிதத்தில் இருக்கும் சுவிட்சுகளை வரிசையாகத் தொட்டுத் தொட்டு முணுமுணுக்கிறான். உள்ளேயிருந்து அண்ணன், "டேய், கரன்ட் வந்துடுச்சு, மோட்டார் போட்டுட்டு வா" என்கிறார்.

பையன் 200 மணி நேரம் பறந்து கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கே ஐம்பது லட்சத்துக்கு மேல் போய்விட்டது, ரோட்டுக்கு மேற்கே இருந்த பெங்களூரா மாந்தோப்பு இப்போது வேறொருவருடையது. சரி, லைசென்ஸ் வந்தாச்சு, வேலை? அதற்கு டைப் ரேட்டிங் வேண்டுமாம், அதாவது குறிப்பிட்ட ஒரு ரக விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி, சிமுலேட்டரில். இன்னும் இருபது லட்சம் வரை ஆகும், அதையும் நீயே கட்டிவிட்டு வா என்கிறார்கள் விமானக் கம்பெனிக்காரர்கள்.

நம்ம ஊரில் ஹெவி லைசென்ஸ் இருந்தால் லேலண்ட் லாரியும் ஓட்டலாம், டாடாவும் ஓட்டலாம். இங்கே ஏர்பஸுக்குப் பணம் கட்டிப் படித்தவன் போயிங் 737 பக்கம் போக முடியாது. எந்த கம்பெனி எப்போது ஆள் எடுக்கும் என்று தெரியாமலே எதில் பணம் போடுவது என்று இவன் முடிவு பண்ண வேண்டும். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் சும்மா இருந்தாலோ அந்த ரேட்டிங்கும் காலாவதி, மறுபடி காசு கட்டிப் பறந்து காட்ட வேண்டும். சூதாட்டம்தான், வேறென்ன?

ஓசூரில் ஐடிஐ முடித்த பையன் அப்ரண்டிஸாக ஒரு தொழிற்சாலைக்குள் போனால், மெஷினைக் கற்றுக்கொடுத்துக் கையில் உதவித்தொகையும் கொடுக்க வேண்டும் என்று 1961லேயே சட்டம் இருக்கிறது. கோடிக்கணக்கில் விலை போகும் விமானத்தை வாங்குகிறவனுக்கு அதை ஓட்டுகிறவனைப் பழக்குவது மட்டும் பாரமா?

பழக்கிவிட்டால் அடுத்த கம்பெனிக்கு ஓடிவிடுவான் என்பார்கள். எங்கே ஓடுவது? 2017லிருந்து கேப்டன் ஒரு வருஷமும் துணை பைலட் ஆறு மாதமும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏ விதியே போட்டாச்சு. அதுவும் போதாது என்றால் இத்தனை வருஷம் இங்கேயே இருப்பேன் என்று பாண்ட் எழுதி வாங்கட்டும், நான் வேண்டாமென்று சொல்ல மாட்டேன். எல்லா கம்பெனியும் இப்படி என்றும் சொல்லவில்லை, எடுத்த பிறகு தன் செலவில் பயிற்சி கொடுக்கிறவர்களும் உண்டு.

ஆனால் பையனையே கட்டச் சொல்லும்போது வேலை நன்றாக ஓட்டுகிறவனுக்குப் போவதில்லை, விற்க இன்னும் நிலம் வைத்திருக்கிறவனுக்குப் போகிறது. அப்படியே கிடைத்தாலும், தலைக்கு மேல் கடன் இருக்கிறவன் "இன்றைக்கு உடம்பு முடியவில்லை, நான் ஓட்ட மாட்டேன்" என்று வாய் திறப்பானா? பின்னால் உட்கார்ந்திருப்பது நாம்தான்.

2024ல் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் ஏர்போர்ட் என்று சட்டசபையில் அறிவித்தார்களே, அன்றைக்கு இந்த வீட்டில் கேசரி கிண்டினார்களாம்.

கிளம்பும்போது அண்ணன் வாசல் வரைக்கும் வந்து, பையன் காதில் விழாமல், "தம்பி, கிணத்துமேட்டு ஒன்றரை ஏக்கருக்கு யாராச்சும் பார்ட்டி இருந்தா சொல்லு" என்றார். வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே "பாக்கறேண்ணா" என்றேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.